உறங்கும் பிளாக்கை எழுப்பும்போது பவர் சுவிட்சுகளை ஏன் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுகிறோம்?

உங்கள் சிப்பில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு உறங்கும் ஒரு பிளாக்கை (சிப்பின் ஒரு சர்க்யூட் பகுதியை) எழுப்ப ஒரு மைக்ரோ விநாடி ஆகிறது என்றும், பவர் சுவிட்சுகள் அனைத்தையும் ஒரே சிக்னலில் போட்டால் இரண்டு நானோ விநாடியில் அது எழுந்துவிடும் என்றும், சிமுலேஷனில் இரண்டு விதமும் ஒழுங்காகவே ஓடும்போது சுவிட்சுகளைச் சங்கிலியாகக் கோத்துத் தாமதப்படுத்தச் சொல்வது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஏன் மெதுவாக எழுப்ப வேண்டும் என்பது ஒன்று. எவ்வளவு மெதுவாக என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஐயத்துக்கு இடமில்லாத பதில் உண்டு. இரண்டாவதற்கான எண் உங்கள் சிப்பையும் அதைப் போர்டோடு இணைக்கும் உறையான பேக்கேஜையும் பொறுத்தது, ஆனால் அந்த எண்ணைக் கணக்கிடும் வழியைச் சொல்ல முடியும். நான் பல ஆண்டுகளாக 40, 28 நானோமீட்டர் டிஜிட்டல் பிளாக்குகளின் பவர் பகுதியில் வேலை செய்பவன். அனலாக் பிளாக்குகளை எழுப்புவது வேறு வித்தை என்பதால் இங்கே சொல்வதை அவற்றுக்கு அப்படியே பொருத்திவிட வேண்டாம்.

முதலில், சிமுலேஷனில் ஏன் எதுவும் தெரியவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஓட்டியது லாஜிக் சிமுலேஷன். அதில் பவர் என்பது இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவுதான். சுவிட்ச் போட்ட அந்தக் கணமே மின்னழுத்தம் முழுதாக வந்துவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும். உண்மையில் சுவிட்சுக்கு ஒரு புறம் எப்போதும் விழித்திருக்கும் சப்ளை இருக்கிறது. மறுபுறம், நாங்கள் விர்ச்சுவல் சப்ளை என்று அழைக்கும் தடம் இருக்கிறது. பிளாக் நெடுநேரம் உறங்கினால் கசிவு மின்னோட்டம் அந்தத் தடத்தைச் சுழியத்தை நோக்கி வடித்துவிடும். பிளாக்கில் உள்ள ஆயிரக்கணக்கான கேட்டுகளும் கம்பிகளும் மின்னழுத்தத்தை நிலையாக வைக்க நீங்களே வைத்த டீகேப் மின்தேக்கிகளும் சேர்ந்து காலியான ஒரு பெரிய மின்தேக்கியாக நிற்கின்றன. எழுப்புவது என்றால் அந்த மின்தேக்கியை நிரப்புவது. நிரப்பும் மின்னூட்டம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எண்களைப் போட்டே பார்ப்போம். உங்கள் பிளாக்கின் மின்தேக்குத்திறன் 5 நானோஃபாரட், சப்ளை 0.9 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரப்ப வேண்டிய மின்னூட்டம் 4.5 நானோகூலும். அதை இரண்டு நானோ விநாடியில் நிரப்பினால் சராசரி மின்னோட்டம் 2.25 ஆம்பியர், ஒரு மைக்ரோ விநாடியில் நிரப்பினால் 4.5 மில்லிஆம்பியர். மின்னூட்டம் ஒன்றுதான், மின்னோட்டத்தில் ஐந்நூறு மடங்கு வித்தியாசம். இரண்டு நானோ விநாடிக்குள் 2.25 ஆம்பியரை வெளியிலிருந்து யாராலும் தர முடியாது, ஏனெனில் போர்டில் இருக்கும் ரெகுலேட்டருக்கும் சிப்புக்கும் நடுவே பேக்கேஜின் மின்தூண்டல் குறுக்கே நிற்கிறது. ஆகவே அந்த மின்னூட்டத்தைச் சிப்புக்குள்ளேயே, விழித்திருக்கும் பிளாக்குகளின் மின்தேக்கிகளிலிருந்துதான் பிடுங்கியாக வேண்டும். விழித்திருக்கும் பகுதியில் 50 நானோஃபாரட் இருந்தால், 50-இல் இருந்த மின்னூட்டம் 55-க்குப் பகிரப்படும்; 0.9 வோல்ட் 0.818 வோல்ட்டாக இறங்கும். அதாவது 82 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட 9 சதவீதம். சப்ளையின் எல்லா ஏற்ற இறக்கங்களுக்கும் சேர்த்தே நாம் பொதுவாக 5 முதல் 10 சதவீதம்தான் ஒதுக்குகிறோம். அதை முழுவதையும் இந்த ஒரு நிகழ்வு விழுங்கிவிடுகிறது.

இதில் அடிபடுவது எழும் பிளாக் அல்ல. அது இன்னும் ரிசெட்டில் கிடக்கிறது, அதன் கிளாக் நிற்கிறது, அதற்கு மின்னழுத்தம் எப்படி ஏறினாலும் கவலையில்லை. அடிபடுவது அதே சப்ளையில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்து பிளாக். பக்கத்து வீட்டில் போர் மோட்டாரைப் போட்டதும் நம் வீட்டு விளக்கு மங்குகிறதே, அதே கதைதான். மங்கிய விளக்கு மீண்டும் பிரகாசமாகிவிடும். ஆனால் மின்னழுத்தம் குறைந்தால் கேட்டுகள் மெதுவாகும்; அதனால் ஒரு கிளாக் சுழற்சியில் தாமதமாக வந்து சேர்ந்த தகவலை, பிட்டைப் பிடித்து வைக்கும் ஃபிளிப்ஃபிளாப் தவறாகப் பிடித்துவிட்டால் அது தானாகத் திரும்பி வராது. இதைவிட மோசமானது, உறங்கும் பிளாக்கின் நிலையைச் சேமித்து வைத்திருக்கும் ரிடென்ஷன் ஃபிளிப்ஃபிளாப்கள். அவற்றின் நினைவுப் பகுதிக்கு எப்போதும் விழித்திருக்கும் சப்ளையே உணவு. எழுப்பும் வேகத்தில் அந்தச் சப்ளையைக் கீழே இழுத்தால், எந்தத் தகவலைக் காப்பாற்றுவதற்காக அவற்றை வைத்தோமோ அதையே எழுப்பும் நேரத்தில் கெடுக்கிறோம்.

மின்னழுத்தம் ஒரு முறை இறங்கி ஏறுவதோடு கதை முடிவதில்லை. பேக்கேஜின் மின்தூண்டலும் சிப்பின் மின்தேக்குத்திறனும் சேர்ந்து ஊஞ்சல் போல ஆடும். மின்தூண்டல் 100 பிக்கோஹென்றி, மின்தேக்குத்திறன் 55 நானோஃபாரட் என்றால் ஊஞ்சல் ஒருமுறை போய்வர எடுக்கும் நேரம் சுமார் 15 நானோ விநாடி, அதாவது 70 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு. 82 மில்லிவோல்ட் கீழே போனது, அதிர்வைத் தணிக்கும் மின்தடை போதாவிட்டால் ஏறக்குறைய அதே அளவு மேலேயும் போகும். இந்த 15 நானோ விநாடியை மறக்காதீர்கள். சுவிட்சுகளைக் குழு குழுவாகப் பிரித்து 15 நானோ விநாடிக்கு ஒரு குழு என்று போட்டால், ஊஞ்சல் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் சரியாகத் தள்ளிவிடுவது போல ஆகும். படிப்படியாகப் போட்டுவிட்டோம் என்ற நிம்மதியோடு நிலைமையைக் கெடுத்துக்கொண்டிருப்போம்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சிக்கலும் அல்ல. குறைந்த திரெஷோல்ட் (டிரான்சிஸ்டரைத் திறக்கத் தேவையான மின்னழுத்தம்) கொண்ட டிரான்சிஸ்டர்களால் ஆன லாஜிக்கை அதிகத் திரெஷோல்ட் டிரான்சிஸ்டர் ஒன்றால் துண்டிக்கும் முறையை ஜப்பானின் என்டிடி ஆராய்ச்சியாளர்கள் 1995-இல் விரிவாக வெளியிட்டார்கள். எழுப்பும்போது கிரவுண்ட், அதாவது சுழிய மின்னழுத்தத் தடம், குதிப்பதைத் தனிச் சிக்கலாக எடுத்து ஆராய்ந்து, உறக்க டிரான்சிஸ்டரைச் சமமற்ற படிகளில் போடலாம் என்று ஐபிஎம் ஆராய்ச்சியாளர்கள் 2003-இல் எழுதினார்கள். 2008-இல் இன்டெலின் நெஹலம் ஒவ்வொரு கோரையும் தனித்தனியே துண்டிக்கும் பவர் கேட்டுகளோடு வந்தபோது இந்த விஷயம் மேசைக் கணினிக்குள்ளும் நுழைந்துவிட்டது.

இப்போது எவ்வளவு மெதுவாக என்ற கேள்வி. இன்று பரவலாக இருக்கும் ஏற்பாடு இரண்டு அடுக்குச் சுவிட்சுகள். முதல் அடுக்கு பலவீனமானது, எண்ணிக்கையிலும் குறைவு. அது விர்ச்சுவல் சப்ளையை மெல்ல ஏற்றும். மின்னழுத்தம் 90, 95 சதவீதத்தை எட்டிய பிறகு வலுவான இரண்டாம் அடுக்கு போடப்படும். அதன் வேலை நிரப்புவதல்ல. பிளாக் ஓடும்போது சுவிட்சில் மின்னழுத்தம் வீணாகாமல் பார்த்துக்கொள்வது. நம் உதாரணத்தில் முதல் அடுக்கின் மொத்த மின்தடை 5 ஓம் என்று வைத்தால், தொடக்க மின்னோட்டம் அதிகபட்சம் 0.18 ஆம்பியர். 5 ஓமையும் 5 நானோஃபாரடையும் பெருக்கினால் 25 நானோ விநாடி. அதைப் போல மூன்று மடங்கு நேரத்தில், அதாவது 75 நானோ விநாடியில், விர்ச்சுவல் சப்ளை 95 சதவீதத்தைத் தொட்டுவிடும். பேக்கேஜும் சிப்பும் சேர்ந்த ஊஞ்சலின் மின்தடுப்பு இந்த எண்களுக்கு 45 மில்லிஓம் அளவில் வருவதால், 0.18 ஆம்பியர் ஏற்படுத்தும் இறக்கம் 8 மில்லிவோல்ட்தான். மிச்சமிருக்கும் 45 மில்லிவோல்ட் இடைவெளியை இரண்டாம் அடுக்கு ஒரே அடியில் மூடினாலும் விழித்திருக்கும் பகுதி 4 மில்லிவோல்ட்தான் இழக்கும். ஆக, இந்த எண்களுக்கு 100 நானோ விநாடி போதும். உங்கள் ஒரு மைக்ரோ விநாடி அளவுக்கு மீறிய எச்சரிக்கையாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்றே சொல்கிறேன், ஏனெனில் உங்கள் பிளாக்கின் மின்தேக்குத்திறனை நீங்கள் குறிப்பிடவில்லை.

மேலே போட்ட கணக்கு ஒன்றை மறைக்கிறது. சிப்பின் சப்ளையை ஒரே புள்ளியாக எடுத்துக்கொண்டேன். உண்மையில் அது மின்தடை உள்ள கம்பிகளின் வலை. அந்த 0.18 ஆம்பியர் பிளாக்கின் பரப்பு முழுவதிலிருந்தும் வந்தால் நல்லது. ஆனால் சங்கிலியை லேஅவுட் மென்பொருள் தன் வசதிக்கு ஏற்றபடி ஒரு மூலையில் தொடங்கிப் பாம்பு போல வளைத்துக் கோத்திருந்தால், முதலில் போடப்படும் சுவிட்சுகள் எல்லாம் அந்த மூலையிலேயே குவிந்திருக்கும், ஆரம்ப மின்னோட்டம் முழுவதும் அங்கேயே உறிஞ்சப்படும். அந்த இடத்தில் வலையின் மின்தடை 0.2 ஓம் என்றால் 8 மில்லிவோல்ட்டோடு இன்னொரு 36 மில்லிவோல்ட் சேர்ந்துவிடும். அந்த மூலைக்குப் பக்கத்தில் பக்கத்து பிளாக்கின் மெமரியோ கிளாக் பஃபர்களோ இருந்தால் கேட்கவே வேண்டாம். சங்கிலியின் நீளத்தைப் பற்றி எல்லோரும் விவாதிக்கிறார்கள், அது எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு என்பது என் அனுபவம். முதல் அடுக்கைப் பரப்பு முழுவதும் சிதறவிட்டு, எந்த வரிசையில் போடப்படுகிறது என்பதை லேஅவுட் படத்தின் மேல் வண்ணம் தீட்டி ஒருமுறையாவது கண்ணால் பாருங்கள்.

முதல் அடுக்கை எவ்வளவு பலவீனமாக வைக்கலாம் என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதை நான் புத்தகத்தில் கற்கவில்லை, அடிபட்டுக் கற்றேன். நான் இருந்த ஒரு குழுவின் சோதனைச் சிப்பில் முதல் அடுக்கின் முடிவை ஒரு மின்னழுத்த உணரி சொல்லும். அது சொன்ன பிறகே இரண்டாம் அடுக்கு போடப்படும். மேசைமேல் ஆயிரம் முறை எழுப்பினாலும் ஒழுங்காக எழுந்தது. வெப்பச் சோதனைப் பெட்டிக்குள் வைத்து 125 டிகிரிக்கு ஏற்றியதும் சில சிப்புகள் எழாமல் அப்படியே நின்றன. பவர் கன்ட்ரோலரின் நிலைப் பதிவேட்டைப் படித்தால் அது உணரியின் பதிலுக்காகக் காத்திருந்தது, எவ்வளவு நேரம் கழித்துப் படித்தாலும் அதே நிலை. பெட்டியின் கதவைத் திறந்து வைத்தோம். சிப் ஆறத் தொடங்கிய சற்று நேரத்தில் யாரும் தொடாமலே எழுந்துகொண்டது. காரணம் அப்போதுதான் உறைத்தது. வெப்பத்தில் கசிவு மின்னோட்டம் பல மடங்காகிவிடும். முதல் அடுக்கு ஒரு பக்கம் ஊற்ற, பிளாக் மறுபக்கம் கசியவிட, இரண்டும் சமமாகும் இடத்தில் மின்னழுத்தம் நின்றுவிடுகிறது. நம் உதாரணத்தின் 5 ஓமையே எடுத்தால், 20 மில்லிஆம்பியர் கசிவுக்கு 0.1 வோல்ட் குறையும், விர்ச்சுவல் சப்ளை 0.8 வோல்ட்டில் நிற்கும். கசிவு 60 மில்லிஆம்பியரானால் 0.6 வோல்ட்டிலேயே நின்றுவிடும். 90 சதவீதத்துக்காகக் காத்திருக்கும் உணரி காத்துக்கொண்டே இருக்கும். மேலே 75 நானோ விநாடியில் 95 சதவீதம் என்று நான் சொன்னது கசிவைக் கணக்கில் எடுக்காத எண் என்பதும் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

உணரிக்குப் பதிலாக டைமர் வைத்தால் சிப் தொங்கி நிற்காது, ஆனால் இடைவெளி 0.3 வோல்ட் இருக்கும்போதே இரண்டாம் அடுக்கு போடப்பட்டு, 27 மில்லிவோல்ட் இறக்கம் வரும். எது மேல் என்று கேட்டால் நான் இரண்டையும் சேர்த்து வைப்பேன்: உணரி சொன்னால் போடு, சொல்லாவிட்டால் குறித்த நேரம் கழித்துப் போடு. அதோடு, தாமதத்தை மாற்றவும், இரண்டாம் அடுக்கை வலுக்கட்டாயமாகப் போடவும் பதிவேட்டில் ஓரிரு பிட்டுகள் கட்டாயம் வேண்டும். அந்த ஒரு பிட் இருந்ததால்தான் எங்கள் சோதனைச் சிப்பை வைத்து மற்ற அளவீடுகளையாவது முடிக்க முடிந்தது. இதனால் சரிபார்க்கும்போதும் இரண்டு வித மூலைகளை, அதாவது டிரான்சிஸ்டர் வேகம், மின்னழுத்தம், வெப்பம் ஆகியவற்றின் எல்லை நிலைகளை, தனித்தனியே ஓட்ட வேண்டும். மின்னோட்ட உச்சத்துக்கு வேகமான டிரான்சிஸ்டர்களும் அதிக மின்னழுத்தமும் சேர்ந்த மூலை. விழிப்பு முடிகிறதா என்பதற்கு, சுவிட்ச் மெதுவாகும் மூலையும் கசிவு உச்சத்தில் இருக்கும் வெப்ப மூலையும். ரெட்ஹாக், வோல்டஸ் போன்ற மென்பொருள்களில் இந்தப் பகுப்பாய்வைச் செய்யலாம். ஆனால் பேக்கேஜ் மாடலை இணைக்காமல் ஓட்டினால் ஊஞ்சலே இல்லாத அழகான வரைபடம்தான் கிடைக்கும்.

மெதுவாக எழுப்பினால் ஆற்றலாவது மிச்சமாகுமா என்று சிலர் கேட்பதுண்டு. ஆகாது. மாறாத மின்னழுத்தத்திலிருந்து மின்தடை வழியே ஒரு மின்தேக்கியை நிரப்பினால், மின்தடை எவ்வளவாக இருந்தாலும், வழங்கிய ஆற்றலில் பாதி வெப்பமாகத்தான் போகும். நம் பிளாக்குக்கு ஒருமுறை எழுப்ப 4 நானோஜூல் ஆகிறது. 20 மில்லிஆம்பியர் கசிவைத் தடுத்து நாம் சேமிப்பது 18 மில்லிவாட். ஆகவே 225 நானோ விநாடிக்கும் குறைவான உறக்கம் நட்டம். உண்மையில் ரிடென்ஷனில் சேமிக்கவும் மீட்கவும் ஆகும் செலவையும் சேர்த்தால் இந்த எல்லை இன்னும் தள்ளிப்போகும். அப்படிச் சிறு உறக்கத்துக்கு கிளாக்கை மட்டும் நிறுத்துவதே போதும்.

மின்னழுத்தம் ஏறும் வழியில் பிளாக்குக்குள் நடப்பதையும் கவனிக்க வேண்டும். பாதி மின்னழுத்தத்தில் கேட்டுகள் 1-ஆகவும் இல்லாமல் 0-ஆகவும் இல்லாமல் நடுவில் நிற்கும்; அப்போது மேலிருந்து கீழே நேராக ஓடும் குறுக்கு மின்னோட்டமும் நிரப்பும் மின்னோட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். இதற்காகத்தான் ஏறும் நேரம் முழுவதும் ரிசெட்டைப் பிடித்து வைப்பதும், கிளாக்கை நிறுத்தி வைப்பதும், வெளியே போகும் சிக்னல்களை ஐசொலேஷன் செல்களால் பூட்டி வைப்பதும். வரிசை மாறக் கூடாது: மின்னழுத்தம் முழுதாக வந்த பிறகு ரிடென்ஷனிலிருந்து மீட்பு, அதன்பின் ஐசொலேஷனைத் திறத்தல், கடைசியில் கிளாக்.

அந்தக் கடைசிப் படியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். விர்ச்சுவல் சப்ளையை நூறு நானோ விநாடி எடுத்துப் பூப்போல ஏற்றிவிட்டு, அடுத்த நொடியே கிளாக்கை முழு வேகத்தில் திறந்துவிடுகிறார்கள். பிளாக் ஓடும்போது எடுப்பது 0.6 ஆம்பியர் என்றால், ஒரு சுழற்சிக்குள் சுழியத்திலிருந்து 0.6-க்குத் தாவும் அந்தப் படி, நாம் 0.18-ஆக அடக்கி வைத்த நிரப்பு மின்னோட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். இறக்கம் 27 மில்லிவோல்ட். நீங்கள் சங்கிலியை எவ்வளவு நீட்டினாலும் இதில் ஒரு மில்லிவோல்ட்கூடக் குறையாது. கிளாக்கை எட்டில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு, பாதி, முழு வேகம் என்று சில படிகளில் ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் அந்த 15 நானோ விநாடியைப் போலச் சில மடங்கு நேரம் நிற்கவிடுங்கள். ஒரே சப்ளையில் இரண்டு பிளாக்குகள் இருந்தால் அவற்றை ஒன்றாக எழுப்பக் கூடாது என்பதையும் பவர் கன்ட்ரோலரிலேயே எழுதிவிடுங்கள், மென்பொருள் எழுதுபவரின் நினைவாற்றலை நம்பி விடாதீர்கள்.

சிப் கைக்கு வந்ததும் போர்டில் ஆஸிலோஸ்கோப் புரோபை வைத்துப் பார்த்துவிட்டு இறக்கமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில நானோ விநாடி நீடிக்கும் இறக்கத்தைப் பேக்கேஜும் போர்டு மின்தேக்கிகளும் மழுக்கிவிட்டுத்தான் உங்கள் புரோபுக்குக் காட்டும். சிப்புக்குள் மின்னழுத்தத்துக்கு ஏற்ப வேகம் மாறும் ஒரு ரிங் ஆஸிலேட்டரோ, இறக்கத்தைக் கண்டறியும் டிரூப் டிடெக்டரோ வைத்திருந்தால் அதன் எண்ணை நம்பலாம். அதுவும் இல்லையென்றால், பக்கத்து பிளாக்கில் விடை தெரிந்த ஒரு கணக்கை விடாமல் ஓட்டிக்கொண்டே, உறங்கும் பிளாக்கைத் திரும்பத் திரும்ப எழுப்பி, சப்ளையை 10 மில்லிவோல்ட் படிகளாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். எழுப்பாதபோது எந்த மின்னழுத்தத்தில் கணக்கு தவறுகிறது, எழுப்பும்போது எதில் தவறுகிறது என்ற வித்தியாசமே உங்கள் இறக்கத்தின் தோராய அளவு. பிளாக்கின் மின்தேக்குத்திறன், விழித்திருக்கும் பகுதியின் மின்தேக்குத்திறன், பேக்கேஜின் மின்தூண்டல், 125 டிகிரியில் கசிவு ஆகிய நான்கையும் எழுதினால், உங்கள் ஒரு மைக்ரோ விநாடியை எதுவரை குறைக்கலாம் என்று மேலே போட்ட அதே கணக்கை உங்கள் எண்களுக்குப் போட்டுச் சொல்கிறேன்.